எட்டுக்குப் பத்து ரூம்ல குழந்தைக்கு இடம் பண்ணப்போய் பணம் எங்கெங்க போச்சு, எது நெஜமா உதவுச்சு

வாடகை வீடு, ஒரே ஒரு பெட்ரூம், அதுவும் எட்டுக்குப் பத்து, அதுக்குள்ள பொறக்கப்போற குழந்தைக்கும் ஒரு இடம் பண்ணனும்னு நிக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். குறிப்பா மனைவி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்க, இங்க சென்னைல தனியா நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு இருக்குற புருஷன்மாருக்கு. எனக்கு அப்ப யாராவது உக்கார வச்சு "தம்பி, கட்டில் தொட்டில் எல்லாம் அப்புறம், முதல்ல சுவரப் பாரு, காத்து எப்படி வருதுன்னு பாரு, தரையில எவ்ளோ இடம் மிச்சம் இருக்குன்னு பாரு"ன்னு சொல்லியிருந்தா கிட்டத்தட்ட 24,000 ரூபாயும் பல ராத்திரி தூக்கமும் மிச்சமாயிருக்கும். சொல்ல ஆள் இல்ல. எங்க வீட்டுப் பெரியவங்க எல்லாம் ஊர்ல திண்ணையும் முற்றமும் இருந்த வீட்டுல பிள்ள வளத்தவங்க, அவங்களுக்கு இந்த மாதிரி ரூம்ல என்ன பிரச்சன வரும்னே தெரியாது.

நாங்க இருக்குறது மேற்கு மாம்பலத்துல, 1980கள்ல கட்டின ஒரு ஃபிளாட்டோட முதல் மாடி. 2023 அக்டோபர்ல வளைகாப்பு முடிஞ்சு என் மனைவி கோவில்பட்டிக்குப் போயிட்டா. ஜனவரில பிரசவம், மூணு மாசம் முடிஞ்சு ஏப்ரல்ல இங்க வர்றதா பேச்சு. அதுக்குள்ள ரூம தயார் பண்ணனும். எங்க அம்மா உடம்பு முடியாத அப்பாவ விட்டுட்டு வர முடியாது. ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல தனியா ரூம் நடுவுல நின்னு, இங்க என்ன வைக்கிறது அங்க என்ன வைக்கிறதுன்னு பாத்துட்டு இருப்பேன். ரூம்ல ஏற்கனவே ஒரு குயின் சைஸ் கட்டில், ஒரு ஸ்டீல் பீரோ. அவ்ளோதான், ரூம் முடிஞ்சு போச்சு.

முதல் அடி தொட்டில்ல விழுந்துச்சு. தீபாவளி ஆஃபர்ல ஒரு மரத் தொட்டில் கட்டில் 14,500 ரூபாய், ஆட்டிவிடுற மாடல், பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. அளவு 24க்கு 48 இன்ச்சுன்னு போட்டிருந்தாங்க, நானும் டேப் வச்சு அளந்து பாத்தேன், கட்டிலுக்குப் பக்கத்துல மூணு அடி இருக்கு, தாராளமா போகும். வந்து மாட்டி நிறுத்தினப்பறம்தான் தெரியுது, அந்த 24க்கு 48ங்கிறது உள்ள போடுற மெத்தையோட அளவு. வெளிச்சட்டம், ஆடுறதுக்கான வளைஞ்ச காலு எல்லாம் சேத்தா அகலம் 30 இன்ச்சு, நீளம் 52 இன்ச்சு. மூணு அடின்னா 36 இன்ச்சு, அதுல 30 போனா மிச்சம் ஆறு இன்ச்சு. ஆறு இன்ச்சுல மனுஷன் எப்படி நடப்பான்? ஆட்டினா ஒரு பக்கம் கட்டில்ல இடிக்குது, இன்னொரு பக்கம் சுவத்துல இடிக்குது. கடைக்காரன் கிட்ட கேட்டா மாட்டின பொருள திருப்பி எடுக்க மாட்டோம்னுட்டான். கடைசில அத 6,000 ரூபாய்க்கு வித்தேன், 8,500 போச்சு. அதனால சொல்றேன், எந்த தொட்டில் வாங்குறதா இருந்தாலும் வெளி அளவு என்னன்னு தனியா கேட்டு எழுதி வாங்குங்க, ஆடுற மாடல்னா ரெண்டு பக்கமும் ஆட எவ்ளோ இடம் வேணும்னு கேளுங்க. வாங்குறதுக்கு முன்னாடி அந்த வெளி அளவுக்கு சாக்பீஸால தரையில கட்டம் போட்டுட்டு, ரூம் கதவு, பீரோ கதவு ரெண்டையும் முழுசா தொறந்து பாருங்க. கைல ஒரு தலையணைய குழந்தை மாதிரி தூக்கி வச்சுக்கிட்டு லைட்ட அணைச்சுட்டு அந்த இடத்துல நடந்து பாருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க நடக்கப்போறது அப்படித்தான்.

அதே சமயத்துல துணிமணி வைக்க ஒரு சுவர் அலமாரி அடிச்சுக்கலாம்னு ஒரு ஆசாரிய பாத்தேன், தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லி வந்தவருதான். பிளைவுட் வாங்கணும்னு 7,000 அட்வான்ஸ் வாங்கிட்டுப் போனவரு தீபாவளிக்கு ஊருக்குப் போறேன்னு சொன்னாரு, அப்புறம் போனே எடுக்கல. அந்தப் பணம் இன்னிக்கு வரைக்கும் வரல. ஆனா அந்த அலமாரி இல்லாமலே எங்களுக்கு எல்லாம் நடந்துச்சு. மூணு நாலு மாசக் குழந்தையோட துணி எல்லாம் சேத்தா ஒரு பிளாஸ்டிக் கூடை அளவுக்குத்தான் வரும். ரூம் கதவுக்குப் பின்னாடி மாட்டுற பாக்கெட் வச்ச துணி ஹேங்கர் 350 ரூபாய், அதுல ஜட்டி, சட்டை, தொப்பி, துண்டு, நாப்பி எல்லாம் தனித்தனியா போட்டுடலாம், இருட்டுல கை வச்சாலே எது எங்கன்னு தெரியும். சொந்தக்காரங்க பரிசா குடுக்குற துணில பாதி ஆறு மாசத்துக்கு, ஒரு வருஷத்துக்கு மேல போடுற அளவு, அத எல்லாம் அப்பவே பரண் மேல ஏத்திடுங்க.

இப்ப சுவர் விஷயத்துக்கு வர்றேன், என்னைய ரொம்ப நோகடிச்சது அதுதான். எங்க பெட்ரூமோட ஒரு சுவருக்குப் பின்னாடி பாத்ரூம், இன்னொண்ணு மழை அடிக்கிற வெளிச்சுவர். அக்டோபர் கடைசில பெயின்ட் அடிச்சேன், 8,500 ரூபாய் ஆச்சு, என் கைக்காசு. பெயின்டர் வந்து பழைய பெயின்ட்ட காஞ்ச உப்புத்தாளால பரபரன்னு தேச்சாரு, ரூம் முழுக்க வெள்ளையா தூசி, பீரோ மேல, மெத்தை மேல, ஃபேன் றெக்கை மேல எல்லாம் படிஞ்சு கெடந்துச்சு. அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், நம்ம ஊர்ல வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி அடிச்ச பெயின்ட்ல ஈயம் கூடுதலாவே இருக்கலாம். நாப்பது வருஷ பில்டிங்ல எத்தன கோட்டு அடிச்சிருப்பாங்களோ. அந்தத் தூசிதான் தரையில படிஞ்சு, நாளைக்கு குழந்தை தவழும்போது கைல ஒட்டி வாய்க்குப் போகும், ஈயம் குழந்தைங்களோட மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பழைய வீடுன்னா பெயின்டர்கிட்ட தண்ணி நனைச்சுத் தேய்க்கச் சொல்லுங்க, ரூம்ல இருக்குற சாமான எல்லாம் வெளிய எடுத்துட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க, முடிஞ்சதும் வெளக்கமாத்தால கூட்டாதீங்க, ஈரத்துணியால தொடச்சு எடுங்க. கர்ப்பமா இருக்குறவங்க அந்தப் பக்கமே வர வேண்டாம். நான் அப்புறம் மெத்தை உறை எல்லாத்தையும் தோச்சு, ஃபேன் றெக்கைய கழட்டித் தொடச்சு, தரைய மாத்தி மாத்தித் தொடச்சேன், தொட்டா கை வெள்ளையாகாம இருக்குற வரைக்கும் மனசே ஆறல.

டிசம்பர் 3, 4ல மிக்ஜாம் புயல். எங்க தெருவுல தண்ணி நின்னுச்சு, கரன்ட் இல்ல, செல்போன் டவர் வேலை செய்யல, கோவில்பட்டிக்குப் பேசக்கூட முடியல. மழை விட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா, புதுசா அடிச்ச சுவர்ல முழங்கால் உயரத்துக்கு பெயின்ட் கொப்பளம் கொப்பளமா கெளம்பியிருக்கு. வெரல வச்சு அழுத்தினா பொத்துனு உடைஞ்சு உள்ள இருந்து ஈரமா உப்பு மாதிரி வெள்ளப் பொடி உதிருது. பீரோவ நகத்திப் பாத்தா பின்னாடி கருப்பா பூஞ்சை. அந்த ராத்திரி நெஜமாவே ஒடஞ்சு போயிட்டேன். இந்த ரூமுக்குள்ளயா என் குழந்தை மூச்சு விடப்போகுதுன்னு நெனச்சு அழுதேன். வீட்டையே மாத்திடலாமான்னு பாத்தா பத்து மாச அட்வான்ஸ் கேக்குறாங்க, பிரசவச் செலவு வேற முன்னாடி நிக்குது.

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தரோட அண்ணன் சிவில் இன்ஜினியர், அவரு போன்ல சொன்ன ஒரு சோதனை இங்க எல்லாருக்கும் உதவும். ஈரம் தெரியுற இடத்துல ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்ட வச்சு நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடணும். ஷீட்டுக்கு வெளிப்பக்கம், அதாவது ரூம் பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னா அது ரூம் காத்துல இருக்குற ஈரம், ஜன்னல தொறந்து காத்து விட்டா சரியாயிடும். ஷீட்டுக்கு உள்பக்கம், சுவரத் தொட்டுட்டு இருக்குற பக்கம் ஈரமா இருந்தா தண்ணி சுவத்துக்குள்ள இருந்து வருது. எங்களுக்கு வெளிச்சுவர்லயும் உள்பக்கம் ஈரம், பாத்ரூம் சுவர்லயும் உள்பக்கம் ஈரம். மழை நின்னு வெளிச்சுவர் காஞ்சப்பறமும் பாத்ரூம் சுவர் காயல, அப்ப அது டைல்ஸ் இடுக்கு வழியா வர்ற தண்ணி. இத போட்டோ வீடியோ எடுத்து தேதியோட ஹவுஸ் ஓனர் மாமாவுக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். முதல்ல "மழைக்காலம்னா அப்படித்தான் தம்பி, வெயில் வந்தா காஞ்சிடும்"ன்னாரு. குழந்தை வருது மாமா, பெயின்டுக்கு நான் ஏற்கனவே செலவு பண்ணிட்டேன், இது பாத்ரூம் லீக்குன்னு பொறுமையா திரும்பத் திரும்பச் சொன்னப்பறம், டைல்ஸ் இடுக்கு அடைக்கிற செலவும் வெளிச்சுவர் விரிசல் பூசுற செலவும் அவரோடது, உள்ள பெயின்ட் என்னோடதுன்னு ஒத்துக்கிட்டாரு. வாயால ஒத்துக்கிட்டத அப்பவே மெசேஜாவும் வாங்கி வச்சுக்கிட்டேன், வாடகைல கழிக்கும்போது பேச்சு மாறாம இருந்ததுக்கு அதான் காரணம். வேலை எல்லாம் பிப்ரவரில நடந்துச்சு. சுவர் காயாம மறுபடி பெயின்ட் அடிக்கவே கூடாது. நான் மார்ச் வரைக்கும் காயவிட்டு அந்த ஷீட்ட மறுபடி ஒட்டிப் பாத்துட்டுத்தான் அடிச்சேன். அப்புறம் வாசனை போகுற வரைக்கும் ஜன்னல் தொறந்தே கெடந்துச்சு. பீரோவ சுவத்துலருந்து மூணு இன்ச்சு தள்ளி வச்சேன், பின்னாடி காத்து போகணும். முடிஞ்சா வீட்ட மழை அடிக்கும்போது ஒரு தடவ நல்லா சுத்திப் பாத்துட்டு அப்புறம் பெயின்ட், அலமாரிய எல்லாம் யோசிங்க, வெயில் காலத்துல எல்லா சுவரும் நல்ல சுவராத்தான் தெரியும்.

ஜனவரில பொண்ணு பொறந்தா, சிசேரியன். இங்கதான் ரூம் கணக்கே மாறிச்சு. அதுவரைக்கும் என் மனசுல இருந்தது, கட்டில வித்துட்டு எல்லாரும் தரையில படுத்துக்கலாம், பாய் விரிச்சா இடமே இடம்னு. ஆனா ஆபரேஷன் பண்ணின உடம்போட ராத்திரி பல தடவ தரையிலருந்து எந்திரிச்சு குழந்தைய தூக்க முடியாது. அவளுக்கு கண்டிப்பா கட்டில் வேணும். ஒருநாள் சாக்பீஸ் கட்டத்த பாத்துட்டே இருக்கும்போதுதான் உறைச்சுது, இந்த ரூம்ல இடத்த அடைக்கிறது குழந்தையோட சாமான் இல்ல, எங்களோட அஞ்சு அடி கட்டில். அத வித்துட்டு மூணு அடி அகல சிங்கிள் கட்டில் ஒண்ணு அவளுக்கு, அத ஒட்டி 27 இன்ச்சு வெளி அகலத்துல சாதா தொட்டில் கட்டில், மிச்சம் ரெண்டே முக்கால் அடி நடக்க. நான் ஹால்ல பாய். சின்ன ரூம்காரங்க யாரா இருந்தாலும் இத முதல்ல யோசிங்க, கணவன் மனைவி ரெண்டு பேரும் அதே கட்டில்லதான் படுக்கணும்னு கட்டாயம் இல்ல. கொஞ்ச மாசம்தான்.

இந்த சாதா தொட்டில் கட்டில் எதிர் ஃபிளாட் அக்கா வீட்டுலருந்து 4,000 ரூபாய்க்கு வாங்கினது. பழசு வாங்கும்போது பாக்க வேண்டியது நாலு விஷயம். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல ஆறு சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாது, இருந்தா குழந்தையோட உடம்பு உள்ள போயி தலை மாட்டிக்கும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு வெரலுக்கு மேல போகக் கூடாது. ஸ்குரூ எல்லாம் இருக்கணும், ஆட்டிப் பாத்தா கிறீச்சுன்னு சத்தம் வரக் கூடாது. ஒரு பக்கம் கீழ எறங்குற மாதிரி இருந்தா வாங்கவே வாங்காதீங்க, குழந்தைங்க அதுல சிக்கி இறந்ததால அமெரிக்கால 2011லயே அந்த மாடல தடை பண்ணிட்டாங்க, நம்ம ஊர்ல இன்னும் கைமாறிக்கிட்டு இருக்கு. கம்பிய சுத்தி உள்பக்கமா கட்டுற அந்த அழகான பஞ்சு வச்ச பம்பர், இதய வடிவத் தலையணை, பொம்மை எதுவும் உள்ள வேண்டாம். அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் 2022ல சொன்னதும், எங்க குழந்தை டாக்டர் சொன்னதும் ஒண்ணுதான்: மல்லாக்க படுக்க வைக்கணும், சமமா கொஞ்சம் கெட்டியான மெத்தை, பக்கத்துல எதுவும் இருக்கக் கூடாது, கொறஞ்சது ஆறு மாசம் அப்பா அம்மா ரூம்லயே ஆனா தனிப் படுக்கைல. இத கேட்டப்ப எனக்கு பெரிய நிம்மதி. தனி ரூம் குடுக்க முடியலையேன்னு மனசுக்குள்ள ஒரு குறை இருந்துச்சு, டாக்டரே ஒரே ரூம்தான் நல்லதுன்னு சொல்றாரு.

ஏப்ரல்ல அத்தையும் கூட வந்தாங்க. வந்த உடனே தூளி எங்கன்னுதான் கேட்டாங்க. "ஏன் மாப்ள, எம்மக தூளிலதான வளந்தா, அவளுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" ரூம்ல இருக்குறது ஒரே கொக்கி, அதுல ஃபேன் தொங்குது, சீலிங்ல புதுசா ஓட்டை போட ஓனர் மாமா விடல. அத்த மேல எனக்குக் கோவம் இல்ல, அவங்க கை பட்டாத்தான் பாப்பா அழுகைய நிறுத்துவா. டாக்டர்கிட்ட அவங்களையும் கூட்டிட்டுப் போய் நேரடியா கேக்க வச்சேன். தூளில முதுகு வளைஞ்சு தாடை நெஞ்சுல முட்டினா மூச்சுக்கு கஷ்டம், துணி மூஞ்சில மடியும், ராத்திரி முழுக்க வேண்டாம், பகல்ல ஆள் முழிச்சுப் பக்கத்துல இருந்தா கொஞ்ச நேரம் போடுங்க, பாப்பா பொரள ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்கன்னாரு. ஹால்ல ஸ்டாண்ட் வச்சு மத்தியானம் மட்டும் போட்டோம்.

தூளிக்குன்னு அத்தை பீரோலருந்து எடுத்துட்டு வந்த பழைய காட்டன் புடவைல அந்துருண்டை வாசனை கும்முனு அடிச்சுது. பொறந்த வாரத்துல பாப்பாவுக்கு மஞ்சக்காமாலை இருந்ததால கோவில்பட்டி டாக்டர் அப்பவே எச்சரிச்சிருந்தாரு: ஜி-சிக்ஸ்-பி-டி குறைபாடு (ரத்த சிவப்பணுவுல ஒரு நொதி பொறவிலயே கம்மியா இருக்குறது) இருக்குற குழந்தைங்களுக்கு அந்துருண்டை பட்டா ரத்த சிவப்பணு உடைஞ்சு மஞ்சக்காமாலை மோசமாயிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்குன்னு பாத்தாத் தெரியாது. அதனால குழந்தை துணி, போர்வை, தூளிப் புடவை வைக்கிற எடத்துல அந்துருண்டையே போடாதீங்க. அந்தப் புடவைய ஒதுக்கி வச்சுட்டு என் மனைவி தெனமும் கட்டுற ஒரு நூல் புடவைய எடுத்துக்கிட்டோம். சாம்பிராணிப் புகை, கொசுவத்தி ரெண்டும் இந்த மாதிரி ரூம்ல வேண்டாம், புகை போக எடமே இல்ல. ஜன்னலுக்கு வெல்க்ரோ வச்சு ஒட்டுற கொசு வலை போட்டுட்டோம், பகல்ல கடிக்கிற கொசுதான் டெங்கு பரப்புதுங்கிறதால பகல்லயும் அத கழட்டுறதில்ல.

மே மாச வெயில்ல ஏசி இல்லாம முடியல. 26ல வச்சு, காத்து நேரா தொட்டில் மேல விழாம மேல பாத்து திருப்பிவிட்டோம். காலைல கொஞ்ச நேரம் ஜன்னல் கதவு ரெண்டையும் தொறந்து விட்டே ஆகணும், ராத்திரி முழுக்க மூடியே கெடந்த ரூம் அது. துணி நாப்பிய ரூமுக்குள்ள காயப்போடாதீங்க, பாடுபட்டு காயவச்ச சுவர் மறுபடி ஈரமாகும். இன்னொரு சின்ன விஷயம், எங்க ரூம் கதவு தாழ்ப்பாள் டக்குன்னு விழுற சத்தத்துல பாப்பா முழிச்சுடுவா. ஒரு பழைய துண்ட கதவோட ரெண்டு கைப்பிடியிலயும் சேத்து, தாழ்ப்பாள் நாக்கு மேல குறுக்கால வர்ற மாதிரி கட்டிட்டேன், கீலுக்கு ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய். கதவு சத்தமே இல்லாம மூடும்.

நாப்பி மாத்துறதுக்குன்னு தனி டேபிள் எதுவும் வாங்கல. உடம்பு தேறினதும் தரையில பாய் போட்டு மேல ரப்பர் ஷீட் விரிச்சு அங்கேயே மாத்தினோம், தரையிலருந்து யாரும் கீழ விழ முடியாது. தவழ ஆரம்பிச்சதும் முதல் வேலையா பீரோவ எல் கிளாம்ப் போட்டு சுவத்தோட பிடிச்சு வச்சோம், பிடிச்சு எந்திரிக்கும்போது பீரோ மேல சாஞ்சா போச்சு. சுவத்துல ரெண்டு ஓட்டைக்கு ஓனர் மாமா இந்த தடவ ஒண்ணும் சொல்லல. நாப்பி ஊறவைக்கிற பக்கெட்ட பாத்ரூமுக்குள்ள வச்சு வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டோம், கொஞ்சத் தண்ணில கூட தவழுற குழந்தை முங்கிடும். கட்டில் பக்கத்து பிளக் பாயின்ட்டுக்கு மூடி வாங்கி மாட்டினேன். தொட்டில் மெத்தைய அவ உக்கார ஆரம்பிச்சப்பவே கடைசித் தட்டுக்கு எறக்கியாச்சு, எறக்கினப்பறம் அந்த ரெண்டு வெரல் இடைவெளிய இன்னொரு தடவ அளந்து பாத்துக்கோங்க, எங்களோடதுல கீழ்த்தட்டுல சட்டம் கொஞ்சம் அகலமா இருந்ததால வேற மெத்தை தைக்கக் குடுக்க வேண்டியதாச்சு, 900 ரூபாய்.